டிரைவருக்குப் பக்கத்து சீட்

யாரு எழுதினாங்கன்னு என்னைக் கேட்டா நான் என்ன சார் சொல்வேன்? மை போட்டா பாக்க முடியும்? புகார்ப் பெட்டியில யாரோ போட்டிருக்காங்க, இந்தப் பழைய லாரிப் போட்டிக்கு நடுவருங்கற முறையில நீங்க எடுத்துப் படிச்சிருக்கீங்க. பதினாலாம் நம்பர் லாரியோட கியர் பெட்டி வேற மாடல், பாத்து மார்க் போடவும். அவ்வளவுதானே? பேரு இல்ல, கையெழுத்து இல்ல. ஒரு மொட்டைக் கடுதாசிக்கு நீங்க இந்த வெயில்ல இப்படி அலையணுமா? நிழலுக்கு வாங்க. என் லாரி நிழல்தான், பதிமூணாம் நம்பர். சாயாதீங்க, சாயாதீங்க சார்! தப்பா நினைச்சுக்காதீங்க, காலையிலதான் மெழுகு போட்டுத் துடைச்சேன். இந்தத் துணியை வச்சுட்டுச் சாஞ்சுக்குங்க.

ஆமா, தெரியும், தெரியாம என்ன. பதினாலு எங்க சகலையோட வண்டி. என் சம்சாரத்தோட அக்காவைக் கட்டினவரு. அதோ, சட்டை பூரா கறையா, பல்லு அத்தனையும் தெரிய சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு பாருங்க, சுத்தி ஒரு பத்துப் பேரு. எப்பவும் பத்துப் பேரு. மனுஷன் தும்மினாக்கூட என்னாச்சு ஏதாச்சுன்னு நாலு பேரு ஓடி வருவாங்க. எனக்குப் பொறாமையெல்லாம் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன். இருக்கறதைச் சொல்றேன்.

கேளுங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்துதான் அந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். அங்க ரெண்டு லாரி கிடந்துச்சு, ஒரே மாடல், ஒரே வருஷம், ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. ஒண்ணு கொஞ்சம் உருப்படியா இருந்துச்சு. இன்னொண்ணுல சேசிஸ் நடுவுல மரம் முளைச்சு, கூரையைப் பொத்துக்கிட்டு மேல வந்திருந்துச்சு. சகலை என்ன சொன்னாரு தெரியுமா? நல்லதை நீங்க எடுத்துக்குங்க சகலை, எனக்கு அந்த மர நிழலு பிடிச்சிருக்குன்னாரு. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. நல்லதை அமுக்கிக்கிட்டவன் நான்னு ஆயிடுச்சில்ல? இன்னைக்கும் எங்க மாமியார் அதைச் சொல்லிக் காட்டுவாங்க. பெரிய மருமகனுக்குத்தான் மனசு பெருசுன்னு, எனக்குக் கேக்கற மாதிரி சமையக்கட்டுல நின்னு சொல்லுவாங்க.

என் லாரியில நான் என்ன சார் குறை வச்சேன்? நீங்களே பாருங்க, இதே வேலையா இருக்கறவரு. இஞ்சின், கியர் பெட்டி, அச்சு, மூணும் அந்த மாடலோடதா இருக்கணும், இல்லன்னா முதல் பரிசு கிடையாதுன்னு உங்க விதியில போட்டிருக்கீங்க. எனக்கு மூணும் சுத்தம். கதவைச் சாத்திப் பாருங்க. கேட்டீங்களா, ஒரே சத்தம், ரெண்டாவது அடி கிடையாது. இந்தாங்க, என் நோட்டைப் பாருங்க. எந்தத் திருகாணி எங்கேர்ந்து வந்துச்சு, என்னைக்கு மாட்டினேன், எல்லாம் எழுதி வச்சிருக்கேன். கட்டம் போட்ட தாளு, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. புரட்டுங்க, பரவாயில்ல, கை சுத்தமாத்தானே இருக்கு? எட்டு வருஷம் ஒண்டியாக் கிடந்து பண்ணேன் சார். வாடான்னு கூப்பிட ஆளில்ல, டார்ச் பிடிக்க ஆளில்ல. டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டே வேலை பாத்து முன்னம்பல்லு ரெண்டும் ஆடுது.

அவருக்கு? ஊரே திரண்டு வந்துச்சு. அந்த முன் விளக்கு ரெண்டையும் பாருங்க, உடைச்சுப் போட்ட தீயணைப்பு வண்டியோடது, யாரோ கொண்டாந்து குடுத்தாங்க. டிரைவர் பக்கத்துக் கதவு ஒரு வீட்டுல கோழிக்கூண்டுக்குக் கதவா இருந்துச்சு. அதைக் குடுத்த அம்மா, கூண்டுக்கு வேற கதவு போடற வரைக்கும் கோழியை வீட்டுக்குள்ள வச்சிருந்தாங்களாம். சீட் தைக்கிற அக்கா ஒருத்தங்க, பழைய பஸ் சீட்டுங்கள்ல தோல் உரிச்சு வந்து தைச்சுக் குடுத்தாங்க, நூலுக்குக்கூட வாங்கிக்கலை. லேத் பட்டறைக்காரரு ஒருத்தரு, அரைநூல்னு கூப்பிடுவாங்க. எதைக் கடைஞ்சாலும் அளவு அரை நூல் கூடிப்போச்சேன்னு புலம்பறவரு. ஞாயித்துக்கிழமையானா அவரு சொந்த வீட்டுக்குப் போறதில்ல, அங்கதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேம்பாங்களே, அந்தக் கதைதான். இவரு என்ன பண்ணாரு? டீ போட்டாரு. சத்தியமா சார், எட்டு வருஷமும் டீ போட்டு ஊத்திக்கிட்டு, ஆஹா ஓஹோன்னுக்கிட்டு இருந்தாரு. அந்த டீயும் வாயில வைக்க விளங்காது.

ஆங்? வர்றேன் சகலை! இதோ, நடுவர் சாரோட பேசிட்டு இருக்கேன்! ஆமா, ஆமா, நீங்க காத்தைப் பாருங்க, டயர்ல காத்தைப் பாருங்க!

கூப்பிடறாரு. காலையிலேர்ந்து இது நாலாவது தடவை. அந்தக் கூட்டத்துல ஒரு வழக்கம் வச்சிருக்காங்க சார். செத்த வண்டியை எழுப்பி முதல் தடவையா ரோட்டுல ஏத்தறப்ப, டிரைவருக்குப் பக்கத்து சீட்ல யாரு வேணா ஏறி உக்கார முடியாது. அந்த வண்டிக்கு எல்லாத்தையும்விடப் பெரிய சாமான் குடுத்தது யாரோ அவங்கதான் உக்காரணும். பெரிய மரியாதை அது. இன்னைக்குத்தான் பதினாலுக்கு முதல் ஓட்டம், அதைப் போட்டியிலதான் பண்ணணும்னு இத்தனை நாள் காத்திருந்து, இங்க வரைக்கும் கட்டி இழுத்துத்தான் கொண்டாந்தாங்க. சரி, அந்தப் பேச்சு இப்ப எதுக்கு.

என் பட்டறைக்கு ஏன் ஆளு வரலைங்கறீங்களா? வந்தாங்களே! முதல் ரெண்டு வாரம் எல்லாரும் வந்தாங்க. பலகையில ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதோட உருவத்தை வரைஞ்சு ஆணி அடிச்சு வச்சிருக்கேன், எடுத்தா அதே இடத்துல மாட்டணும். அரைநூலு பதினேழை எடுத்துட்டுப் பத்தொம்போது இடத்துல மாட்டினாரு. சொன்னேன். எடுத்து மாட்டினாரு, மறுபடி தப்பா மாட்டினாரு. மறுபடி சொன்னேன். அடுத்த வாரம் ஆளைக் காணோம். எங்கன்னு பாத்தா அங்க, சகலை பட்டறையில, ஸ்பேனரெல்லாம் ஒரே வாளியில குப்பையாக் கிடக்க, அதுல கையை விட்டுத் துழாவிக்கிட்டுச் சிரிக்கறாரு. எடுத்ததை எடுத்த இடத்துல வைங்கன்னு சொன்னது தப்பா சார்? சொல்லுங்க.

அவங்க போகட்டும், ஊராளுங்க. என் பொண்ணு இருக்கா பாருங்க. பேங்க்ல வேலை, சாயங்காலம் வந்தா பிரஷ்ஷோட உக்காந்துடுவா, எழுத்து நல்லா வரைவா. உங்க லாரி நெத்தியில நான் எழுதித் தர்றேன்ப்பான்னு ஆசையா வந்தா. எழுதினா. நான் ஸ்கேல் வச்சுப் பாத்துட்டு, மூணாவது எழுத்து ஒரு மயிரிழை சாஞ்சிருக்கும்மான்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பிரஷ்ஷைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டா. இப்ப அந்தப் பதினாலோட நெத்தியைப் பாருங்க, அந்தச் சிவப்பு எழுத்தை. யாரு எழுதினதுன்னு நினைக்கறீங்க? எல்லா எழுத்தும் சாஞ்சிருக்கு சார், ஒண்ணுவிடாம! சரியா இருக்கா பெரியப்பான்னு கேட்டிருக்கா. வண்டி நிக்கறப்பவே ஓடற மாதிரி இருக்கேம்மான்னாராம் இவரு. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. எனக்கு வயிறு எரிஞ்சுது. சரி, பொறாமைதான், வச்சுக்குங்க. பெத்தவன் நான் சார்.

சம்சாரமும் அதே பாட்டுதான். சகலைக்கு ஒரு பைத்தியக்காரப் பழக்கம் உண்டு. சட்டைப் பையில எப்பவும் ஒரு சின்ன டப்பா கிரீஸ் வச்சிருப்பாரு. வெறும் இரும்பு கண்ணுல பட்டுச்சோ, கை சும்மா இருக்காது, விரலால தோண்டித் தடவி விட்டுடுவாரு. ஆஸ்பத்திரிக் கட்டிலு, பார்க்குல ஊஞ்சல் சங்கிலி, யாரு வீட்டுதுன்னு பாக்க மாட்டாரு. துருப் பிடிக்கறதைப் பாத்துட்டுச் சும்மா போறது பாவம் சகலைம்பாரு. ஒரு தடவை எங்க வீட்டு கேட்டுத் தாழ்ப்பாளுக்குப் போட்டுவிட்டுட்டுப் போனாரு. ஒரு மாசம் என் சம்சாரம் அதைத் திறந்து திறந்து மூடினா. பாருங்க, எங்க அத்தான் கை பட்டதும் சத்தமே இல்லைங்கறா. ஏன், அந்தத் தாழ்ப்பாளை வாங்கிட்டு வந்து மாட்டினது யாரு? அது யாருக்கும் ஞாபகம் இல்ல.

விஷயத்துக்கு வர்றேன், நீங்க மணி பாக்கறீங்க. கியர் பெட்டிதானே. சகலை வண்டியில கியர் பெட்டியே கிடையாது, அந்த இடத்துலதான் மரம் இருந்துச்சு. அஞ்சு வருஷம் தேடினாங்க, பத்துப் பேரும் பத்துத் திசையில. அந்த மாடல் பெட்டி எங்கயும் சிக்கலை. வேலையெல்லாம் முடிஞ்சு, பெயின்ட் காஞ்சு, வண்டி ஜம்முனு நிக்குது, ஓடத்தான் வழியில்ல. அப்ப என் சம்சாரம், நீங்கதான் இரும்புக் கடை இரும்புக் கடையாச் சுத்தறீங்களே, எங்க அத்தானுக்கு ஒண்ணு பாத்துக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்கன்னா. குடுத்தேன். ஆமா சார், அந்தப் பெட்டி நான் குடுத்ததுதான். அதான் பக்கத்து சீட்டுக்கு என்னைக் கூப்பிடறாரு.

வேற மாடல்னு எனக்குத் தெரியுமாவா? கடைக்காரன் குடுத்தான், வாங்கினேன். பெட்டியில மாடல் நம்பர் பொறிச்ச இடம் தேஞ்சு போயிருந்துச்சு. பழைய இரும்புன்னா தேயத்தானே செய்யும்? அங்க தூக்கி வச்சுப் பாத்தா ஓட்டைக்கு ஓட்டை சேரலை. நானும் பக்கத்துலதான் நின்னேன். சரி, இனிமே ஒரு மாசம் இதோட மல்லுக்கட்டுவாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழுவாங்க, கூட்டம் கலையும்னு நினைச்சேன். நினைச்சேன்னா, பயந்தேன். என்ன நடந்துச்சுங்கறீங்க? சகலை என் தோள்ல கையைப் போட்டு, பாவம், உங்களை ஏமாத்திட்டாங்களே சகலைன்னாரு. அரைநூலு பட்டறைக்கு ஓடிப்போயி, இஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவுல போட ஒரு தட்டைக் கடைஞ்சு எடுத்துட்டு வந்துட்டாரு. மூணே நாள் சார். நாலாம் நாள் பட்டறைக்குள்ளயே கியரைப் போட்டு ஒரு அடி முன்னால, ஒரு அடி பின்னால. எல்லாரும் கைதட்டறாங்க. எனக்கும் சேத்துக் கைதட்டறாங்க. அந்த விளங்காத டீயை என் கையில குடுத்து முதல்ல குடிக்கச் சொல்றாங்க.

என்னது? அவரே எழுதியிருக்காரா? எங்க, அந்தப் படிவத்தைக் காட்டுங்க. இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். கியர் பெட்டி இந்த மாடல் இல்லை. சகலை தேடிப் பிடித்துக் கொடுத்தது. சரியான பெட்டி கிடைக்கவில்லை. முதல் பரிசுக்கு இந்த வண்டியைப் பார்க்க வேண்டாம். அவரு கையெழுத்துதான், கோழி கிறுக்கின மாதிரி. தேதி போன வாரத்துது.

அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுமா சார் என்னை இவ்வளவு நேரம் பேச விட்டீங்க? அப்ப முதல் பரிசு எனக்கா? அடப் போங்க சார், தட்டிப் பறிக்கலாம்னு ஒருத்தன் நின்னா, தூக்கிக் கையில குடுத்துட்டுப் போறாரே இந்த மனுஷன்.

ஏன் என் நோட்டையும் அந்த மொட்டைக் கடுதாசியையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க? கட்டம் போட்ட தாளு ஊருல ஆயிரம் பேரு வச்சிருப்பாங்க. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்தா, ஆமா, அப்படியும் நாலு பேரு எழுதுவாங்க. கடைசித் தாளு கிழிஞ்சுதான் இருக்கு. கையால இல்ல, ஸ்கேல் வச்சுக் கிழிச்சது. எனக்குக் கோணலாக் கிழிச்சா ஆகாது.

போதும் சார், நோட்டை மூடுங்க. நானே சொல்லிடறேன்.

நம்பர் தேஞ்சு போகலை சார். நான்தான் அரம் போட்டுத் தேச்சேன். அந்தக் கடையில ரெண்டு பெட்டி கிடைச்சுது எனக்கு. ஒண்ணு அச்சு அசல் அவரு வண்டியோடது. இன்னொண்ணு வேற மாடல். வேறதை அவருக்குக் குடுத்துட்டேன். சரியானது என் பட்டறையில மூலையில சாக்குக்கு அடியில இருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க, நான் முழு கியர் பெட்டியைச் சாக்குல மறைச்சேன். எனக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. அவருக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதைக்கூட ஒரு மாதிரி சமாளிச்சுட்டேன் சார், மனசுக்குள்ள. போன மழைக்கு முன்னாடி, துருப் பிடிச்சு வீணாப் போயிருக்கும், உடைச்சு எடைக்குப் போட்டுடலாம்னு அந்தச் சாக்கைத் தூக்கினேன். ஒரு பொட்டுத் துரு இல்ல. பெட்டி பூரா கிரீஸ். மூலை முடுக்கு விடாம விரலால தடவினது, விரல் தடம் வரி வரியாத் தெரியுது. நான் தடவலை. என் சம்சாரம் பட்டறைப் பக்கமே வர மாட்டா. இரவல் வாங்கின ஜாக்கியைத் திருப்பி வைக்கறேன்னு அவரு மட்டும்தான் சாவி வாங்கிட்டுப் போவாரு. தடவிட்டு, சாக்கை நான் எப்படி மடிச்சு வச்சிருந்தேனோ அதே மடிப்புல மூடி வச்சுட்டுப் போயிருக்காரு. ஸ்பேனரை வாளியில போடற ஆளு, அந்த மடிப்பை மட்டும் கலைக்கலை பாருங்க. இந்த வருஷமும் தூக்கிப் பாத்தேன். புதுசா இன்னொரு பூச்சு.

ஒரு வார்த்தை கேக்கலை சார். கேட்டிருந்தா ஏதாவது புளுகியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், இல்ல காலுல விழுந்திருப்பேன், ஏதோ ஒண்ணு தீந்திருக்கும். லாரி போகட்டும், பொண்ணு எழுதின எழுத்து போகட்டும். அந்த விரல் தடத்தைப் பாத்தேன் பாருங்க, அன்னைக்கு எரிஞ்ச மாதிரி என் வயிறு என்னைக்கும் எரிஞ்சதில்ல. தலைகீழா நின்னாலும் எனக்கு வராதே சார் அது! அவரு திட்டட்டும்னு ஒரு வருஷமாக் காத்திருந்தேன். இன்னைக்குக் காலையில என்னடான்னா, எல்லாரு முன்னாடியும் என் கையைப் பிடிச்சு, பக்கத்து சீட் எங்க சகலைக்குத்தான், அவரு குடுத்த பெட்டி இல்லன்னா இந்த வண்டி ஏதுங்கறாரு. என் பொண்ணு கைதட்டறா. எங்க போயி மூஞ்சியை வச்சுக்கறதுன்னு தெரியலை. நேரா வந்து இந்த லாரிக்குப் பின்னாடி நின்னு நோட்டைத் திறந்தேன்.

வந்துட்டேன் சகலை! கிளப்புங்க, வந்துட்டேன்!

கேட்டீங்களா இஞ்சினை? நல்லாத்தான் பேசுது. பரிசை யாருக்கு வேணாக் குடுங்க சார். பதினாலோட எழுத்து சாஞ்சிருக்குன்னு மட்டும் மார்க்கைக் குறைச்சுடாதீங்க, அது என் பொண்ணு எழுதினது. நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தக் கடுதாசியை மட்டும் குடுங்க. கிழிக்க மாட்டேன், பயப்படாதீங்க. மைதானத்தை ஒரு சுத்து சுத்தி வர கால் மணி நேரம் ஆகுமாமே. பக்கத்துலதானே உக்காரப் போறேன், நானே அவருகிட்ட குடுத்துடறேன்.